மாதிரி போதாது

இரத்த வங்கியில் எனக்கு இது பதினோராவது வருஷம்.
பீங்கான் தட்டில் மூன்று துளி:
நீலம், மஞ்சள், நிறமில்லாதது.
குச்சியால் கலக்கித் தட்டைச் சரித்தால்
ஒன்று திரளும்
அல்லது திரளாது.
இரண்டு நிமிஷத்துக்கு மேல்
எந்த மனிதரும் எனக்கு மர்மமாக இருந்ததில்லை.

அன்ரனிற்றா கொழும்பில் ஏதோ பயிற்சிக்குப் போய்
ஒன்பது புள்ளி வைத்த ஒரு வட்டத்தோடு வந்தாள்.
“ஆக்கள் ஒன்பது வகையாம் அக்கா.
ஒவ்வொருத்தருக்கும் அடியில ஒரு பயம் கிடக்குமாம்.
பயத்தைப் பிடிச்சால் ஆளைப் பிடிக்கலாம்.”
“இதுக்கும் பொசிற்றிவ், நெகற்றிவ் இருக்கோ?” என்றேன்.
“பகிடி விடுறவை ஏழாம் நம்பர்”
என்று என் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டாள்.

முதல் கிழமை அது காய்ச்சல் மாதிரி.
கோண்டாவில் மினிபஸ்ஸில் கொண்டக்டர் எட்டு.
பத்து ரூபா மிச்சத்துக்கு நியாயம் கேட்ட மனுசி ஒன்று.
காதில் வயரோடு யன்னலுக்கு வெளியே
தன் சோகத்தைத் தானே படம் பிடித்துக்கொண்டிருந்த பெடியன்
சந்தேகமில்லாமல் நாலு.
பிள்ளைத்தாச்சி ஒருத்தி ஏற, எழும்பி இடம் விட்டான்.
பரமேஸ்வராச் சந்தியில் நாலாக இருந்தவன்
ஆரியகுளத்தில் இறங்கும்போது இரண்டு.

சந்தையில் கேட்காமலே கறிவேப்பிலை வைத்தவரையும்
இரண்டில் போட்டேன்.
வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால்
அடியில் நாலு அழுகல் தக்காளி.
அழிறப்பரால் அழித்தேன்.
“புதுசாப் படிக்கிறவை செய்யிற பிழை இதுதான்.
செய்கையைப் பாக்கக் கூடாது அக்கா,
ஏன் செய்யினம் எண்டு பாக்கோணும்.”
ஏன் என்பதற்கு
எந்தப் போத்தலில் துளி இருக்கிறது, அன்ரனிற்றா?

இரவு, தவயோகன் உடுப்பு அயன் பண்ணும் நேரம்
போட்டோக்கொப்பியை விரித்துக் கேள்வி கேட்டேன்.
“ஒரு வேலையும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை
கிடைச்சால் என்ன செய்வியள்?”
“தண்ணி மோட்டரைப் பாக்கோணும்.”
“அது வேலை. வேலை இல்லாட்டி?”
“மோட்டர் ஓடாட்டி
வேலை இல்லாத ஞாயிறு எங்கால வரும்?”
பதில் கட்டத்தில் கேள்விக்குறி போட்டேன்.
அவர் என் வெள்ளைக் கோட்டின் கொலரை
இரண்டாம் தரம் அழுத்தித் தேய்த்தார்.

எனக்கு நானே வைத்த சோதனையில்
திங்கள் ஐந்து வந்தது.
புதன் ஆறு.
மாமியோடு ரெலிபோனில் கதைத்த பிறகு எட்டு.
வங்கியில் இப்படி வந்தால் ஒரு சட்டம் உண்டு:
முன்னாலும் பின்னாலும் பார்த்தது
ஒத்துவராவிட்டால் எழுதாதே.
ஆளைத் திரும்பக் கூப்பிடு.
வட்டத்தின் நடுவில், வேலைப் பழக்கத்தில்,
பென்சிலால் எழுதினேன்:
மாதிரி போதாது. மீண்டும் எடுக்கவும்.

பிறகு ஒரு நாள் போட்டோக்கொப்பி
நான் வைத்த இடத்தில் இல்லை.
குளியலறைக்கு வெளியே
ஸ்குறூட்றைவர் பெட்டிக்கு மேலே கிடந்தது,
கிறீஸ் விரலடையாளத்தோடு.
புரட்டினேன்.
எட்டு வகைக்கும் ஒரு கோடுமில்லை.
இரண்டாம் வகையில்,
பயம் என்ற சொல்லுக்குக் கீழே
“தான் ஒருவருக்கும் தேவைப்படாமல் போவது”
என்ற வரிக்கு மட்டும்
மெல்லிய, நேரான ஒரு கோடு.
அளவுகோல் வைத்துக் கீறியிருக்கிறார்.

பதினாறு வருஷம்
ஒரே கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறோம்.

அன்ரனிற்றாவிடம் சொல்லவில்லை.
இலக்கமும் எழுதவில்லை.
ஞாயிறு காலை சுவிட்சைப் போட்டேன்.
மோட்டர் ஒரு முனகலும் இல்லாமல்
நல்ல பிள்ளையாக ஓடியது.
தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தத்தை
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன்.
பிறகு சுவிட்சை நிப்பாட்டிவிட்டுக் கூப்பிட்டேன்:

“இஞ்சருங்கோ, ஒருக்கா வாங்கோ.
இது திரும்பவும் நிண்டுட்டுது.”